எவெலியாவின் சல்சா உறைக்கவில்லையாம்

காசிமிரோவை எதிர்ச்சாரியில் பார்த்தபோது எவெலியா முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். மத்தியான வெயிலில் கண் கூசியது. இரண்டு கையிலும் பை நிறைய மிளகாயும் பச்சைப் புளித்தக்காளியும். சந்தையிலிருந்து வீட்டுக்குப் போகிற அவசரம் வேறு. ஆனால் கிரீஸ் ஏறி நீலமா கறுப்பா என்று தெரியாமல் போன அந்த மேலங்கியும், கழுத்தைச் சுற்றிய அந்த அழுக்குத் துண்டும் மெக்சிகோ நகரத்துப் போர்த்தாலெஸ் வட்டாரத்தில் ஒரே ஆளுக்குத்தான் உண்டு. மெக்கானிக் காசிமிரோ, பெலிசாரியோவின் கடை முன்னால் நின்று, வயிற்றை உள்ளே இழுத்து, உடம்பை முன்னால் வளைத்து, சட்டையில் கொழுப்புச் சொட்டாதபடி, சோளரொட்டியில் இறைச்சி மடித்த டாக்கோ ஒன்றைத் தின்றுகொண்டிருந்தார்.

பெலிசாரியோவின் கடையில்!

காசிமிரோவின் பட்டறைச் சுவரை ஒட்டித்தான் எவெலியாவும் அவள் புருஷன் நிக்கானோரும் டாக்கோ வண்டி போட்டிருந்தார்கள். பழைய சாமான் வேன் ஒன்றின் பக்கவாட்டை அறுத்துத் திறந்து, உள்ளே அடுப்பும் கொழுப்புச் சட்டியும் வைத்த வண்டி. அறுத்துக் கொடுத்தவரே காசிமிரோதான். பட்டறையிலிருந்து இரண்டு எட்டு வைத்தால் சுடச்சுட டாக்கோ. அதை விட்டுவிட்டு, பஸ்ஸும் லாரியும் சீறிக்கொண்டு போகிற அந்த அகலச் சாலையை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்து, பெலிசாரியோவிடம் போய்த் தின்கிறார் என்றால் என்ன அர்த்தம்? நிக்கானோர் வேறொருத்தியின் தோளில் கை போட்டுக்கொண்டு போவதைப் பார்த்திருந்தால்கூட எவெலியாவுக்கு இவ்வளவு வயிறு எரிந்திருக்காது. அதற்காவது ஆம்பிளை புத்தி என்று ஒரு பெயர் இருக்கிறது. இதற்கு என்ன பெயர்?

அவள் நேராக அவர் பின்னால் போய் நின்றாள்.

"நல்லா இருக்கா, தோன் காசிமிரோ?" ஐயா என்கிற அந்த 'தோன்' அன்று வழக்கத்தைவிட அழுத்தமாக வந்தது.

அவருக்குப் புரையேறியது. திரும்பிப் பார்த்தவர் முகத்தில், களவுக்கு வந்த இடத்தில் வீட்டுக்காரி விளக்கைப் போட்டதுபோல ஒரு விழிப்பு.

"தோன்யா எவெலியா! நான் சும்மா... இந்தப் பக்கம் ஒரு பேட்டரி வாங்க வந்தேன்."

"பேட்டரியை இங்க சோளரொட்டியில சுத்தியா குடுக்கிறாங்க?"

சுற்றி நின்று தின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் இரண்டு மூன்று குரல்கள் தெரிந்த குரல்களாக இருந்தன. எவெலியா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பூட்டுக்கடைக்காரர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். மருந்துக்கடைப் பெண். எல்லாரும் அவளுடைய ஆட்கள். இங்கே வரிசையாக நின்று தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெலிசாரியோ மட்டும் கத்தியை நிறுத்தாமல் பல் தெரியச் சிரித்தான்.

"வாங்க தோன்யா, உங்களுக்கும் ஒண்ணு போடட்டுமா? என் செலவு."

"உன் கடையில நான் ஒரு வாய் தண்ணி குடிச்சாக்கூட என் பேரை மாத்தி வச்சுக்கறேன். நீ வெட்டுற வேலையைப் பாரு."

பைகளைக் கீழே வைத்தாள். இடுப்பில் கை வைத்தாள். காசிமிரோவுக்கு இனி தப்பிக்க வழியில்லை.

"இறைச்சி கெட்டுப்போச்சா? ரொட்டி ஆறிப்போச்சா? என் புருஷன் ஏதாவது தப்பாப் பேசிட்டானா? மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. முதுகுக்குப் பின்னால ரோடு தாண்டி வந்து திங்கிறது என்ன மரியாதை?"

காசிமிரோ தட்டை வைத்துவிட்டுத் துண்டால் வாயைத் துடைத்தார். மோட்டார் செத்துப்போன காரின் சொந்தக்காரனிடம் பேசுகிற குரலில் மெதுவாகச் சொன்னார்.

"கோவிச்சுக்காதீங்க, தோன்யா. உங்க சல்சா உறைக்கலை."

உறைக்கலையாம். டாக்கோ மேல் அவள் ஊற்றுகிற அந்த மிளகாய்ச் சட்னி!

அவள் சல்சாவைப் பற்றி யாரும் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். பூட்டுக்கடைக்காரர் அதை 'எவெலியாவின் தீ' என்பார். மருந்துக்கடைப் பெண் அதைத் தின்றுவிட்டுத் தன் கடையிலேயே மாத்திரை எடுத்துப் போட்டுக்கொள்வாள். காலையில் எவெலியா மிளகாயைக் கல்லில் போட்டுக் கருக்கும்போது மாடிவீட்டு ஜன்னல்கள் பட்பட்டென்று சாத்திக்கொள்ளும். தெரு முழுக்க இருமும், திட்டும், மத்தியானம் அதே தெரு வண்டி முன்னால் வந்து நிற்கும். உறைக்கவில்லை என்று அதை யாரும் சொன்னதே இல்லையா என்றால், அப்படியும் இல்லை. எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். இந்த ஊரில் சல்சா உறைக்குமா என்று கேட்டால் உறைக்காது என்பதுதான் பதில். மூக்கு ஒழுகும், காது சிவக்கும், பேச்சு வராது, ஆனாலும் தலையை ஆட்டி 'உறைக்கலை' என்பார்கள். சமையல்காரிக்கு அது பாராட்டு. ஆனால் காசிமிரோ இப்போது சொன்னது அந்த 'உறைக்கலை' இல்லை. அவர் மூக்கு உலர்ந்திருந்தது. கண்ணில் இரக்கம் இருந்தது. அந்த இரக்கத்தைத்தான் எவெலியாவால் தாங்கமுடியவில்லை.

"என் சல்சாவா?"

"கொஞ்ச நாளாவே. உங்களுக்கு உடம்பு சரியில்லையோன்னு நினைச்சோம். கேட்டா வருத்தப்படுவீங்கன்னு யாரும் கேக்கலை."

மருந்துக்கடைப் பெண் தட்டைப் பார்த்தபடியே சேர்த்துக்கொண்டாள். "டூரிஸ்டு ஆளுங்க வர ஆரம்பிச்சதுலேர்ந்துதான், தோன்யா. அவங்களுக்காக மாத்திட்டீங்கன்னு பேசிக்கிறாங்க. எங்க நாக்கு உங்களுக்கு வேணாமாப்போச்சு."

இன்று காலையிலும் எவெலியா அதே மிளகாயைத்தான் கருக்கினாள். அதே அளவு, இல்லை, போன வருஷத்தைவிட ஒரு பிடி கூட. முதல் சொட்டை ரொட்டித் துண்டில் தொட்டு நிக்கானோரிடம் நீட்டினாள். அது அவர்கள் கல்யாணமான நாளிலிருந்து நடக்கிற வழக்கம். சல்சா வீட்டைவிட்டுக் கிளம்புமுன் அவன் நாக்கில் பட்டாகவேண்டும். அவன் வாயில் போட்டு, மிளகாய்ப் புகையில் கண்ணைத் துடைத்து, உறைக்கலை கிழவி என்று சொல்லிவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போனான். இதில் எங்கே தப்பு நடக்கும்?

"யாரும் இந்த இடத்தை விட்டு நகரக்கூடாது," என்றாள். பைகளைத் தூக்கினாள். "இல்லை, எல்லாரும் வாங்க. என் பின்னால வாங்க. எது உறைக்கலைன்னு இன்னைக்குப் பாத்துடுவோம்."

சாலையை அவள் கடந்த விதத்தில் ஒரு பஸ் நின்று வழிவிட்டது. ஓட்டுநர் ஏதோ கத்தினான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்னால் காசிமிரோ பாதி டாக்கோவைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள். வேடிக்கை என்றால் இந்தத் தெரு சாப்பாட்டைக்கூடப் பாதியில் விட்டுவிடும்.

வண்டி முன்னால் டூரிஸ்டுக் கூட்டம் ஒன்று நின்றது. ஸ்பெயின்காரர்கள். நடுவில் லிசாந்த்ரோ, வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை இப்படி ஆட்களை நடத்திக் கூட்டிவந்து அசல் மெக்சிகோ சாப்பாட்டைக் காட்டுகிற பையன். வைக்கோல் தொப்பி, கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை. அவன் அப்பா தெற்கே பெரிய பல் டாக்டர் என்று கேள்வி. இறைச்சியை வெட்டிக்கொண்டிருந்த நிக்கானோருக்குப் பக்கத்தில் நின்று அவன் கையை விரித்துப் பேசிக்கொண்டிருந்தான். ஸ்பெயின்காரர்களுக்கும் அவள் பேசுகிற மொழிதான் என்பதால் ஒவ்வொரு வார்த்தையும் எவெலியாவுக்குப் புரிந்தது.

"நண்பர்களே, இந்தப் பச்சை சல்சா வெறும் சல்சா இல்லை. இந்த வீட்டம்மாவோட பாட்டி, பாட்டிக்குப் பாட்டி, எரிமலைக் கல்லுல அரைச்சு, காதோட காதா சொல்லிக் குடுத்த ரகசியம்..."

"யாரோட பாட்டி?" என்றாள் எவெலியா.

லிசாந்த்ரோ திரும்பினான். முகம் மலர்ந்தது. "ஆ, இதோ அவங்களே வந்துட்டாங்க! தோன்யா எவெலியா!"

ஸ்பெயின்காரர்கள் கைதட்டினார்கள். ஒருத்தி போட்டோ எடுத்தாள்.

"தம்பி, என் பாட்டி சட்டைப் பொத்தான் பண்ற ஆலையில வேலை பாத்தவ. முட்டை அவிக்கச் சொன்னா தண்ணி ஊத்த மறந்துடுவா. நல்ல மனுஷி, பாவம், அவளை ஏன் அடுப்பங்கரைக்கு இழுக்கிற? தண்ணி லாரிக்காரன் எங்க தெருவை விட்டுட்டுப் போனான்னு அவனோட நான் சண்டை போட்டுட்டிருந்தப்ப, கல்லுல கிடந்த மிளகாய் கருகிப்போச்சு. எறிய மனசு வராம அரைச்சேன். அப்படி வந்ததுதான் இது. எந்த எரிமலையும் இல்லை. நான் பண்ணினேன். நான். இந்தக் கையால."

கையைத் தூக்கிக் காட்டினாள். காரம் ஏறி விரல்நுனி எப்போதும் சிவந்திருக்கும் கை. நல்ல சமையலுக்கு ஒரு செத்த பாட்டி இருந்தே தீரவேண்டுமா? உயிரோடு நிற்கிற ஒருத்தி யோசித்துச் செய்தாள் என்றால் இவர்களுக்கு ருசிக்காதா? ஆனால் அதற்கெல்லாம் பிறகு வரலாம். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், வண்டிப் பலகை மேல் இருந்த சல்சாக் கிண்ணத்தில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள்.

ஒன்றுமே இல்லை.

பச்சை நிறம் இருந்தது. பூண்டு வாசனை தூரத்தில் எங்கோ இருந்தது. மற்றபடி வழவழவென்று, இனிப்பும் இல்லாமல் புளிப்பும் இல்லாமல், பல் முளைக்காத பிள்ளைக்கு ஊட்டுகிற கூழ். அவள் இன்னொரு தடவை தொட்டு நாக்கில் வைத்தாள். இப்போது தெரிந்துவிட்டது.

"பூசணி," என்றாள்.

நிக்கானோரின் கத்தி வேகமாக வெட்டியது. வெட்டி முடித்த இறைச்சியையே திரும்பவும் வெட்டியது.

"நிக்கானோர். இதுல வேகவச்ச பிஞ்சுப் பூசணி இருக்கு."

இந்த ஏமாற்று ஊருக்குப் புதிதல்ல. பச்சை சல்சாவில் சேர்க்கிற அவகாடோப் பழத்தின் விலை ஏறும்போது காசாசை பிடித்த கடைக்காரர்கள் பிஞ்சுப் பூசணியை வேகவைத்து அரைத்துக் கலப்பார்கள். நிறம் அப்படியே இருக்கும், கண்ணால் கண்டுபிடிக்கமுடியாது. பெலிசாரியோ செய்வான். எவெலியா செய்யமாட்டாள். அதைச் சொல்லித்தான் இத்தனை வருஷமாக அவள் பெலிசாரியோவின் பெயரைச் சந்தி சிரிக்க வைத்திருந்தாள்.

அவள் வண்டிக்குள் ஏறினாள். முதல் வேலையாக அடுப்பை அணைத்தாள். கொழுப்புச் சட்டியின் கொதிப்பு அடங்கியது. பிறகு குனிந்து பலகைக்குக் கீழே பார்த்தாள். காலையில் அவள் கொடுத்தனுப்பிய வாளி அங்கே இருந்தது. மூடி திறந்து பார்த்தால் கழுத்துவரை நிறைந்திருந்தது. பக்கத்தில் ஒரு சட்டி, துணியால் மூடி, பாதி கரைத்த பூசணி.

"வாளி குறையவே இல்லையே," என்றாள். "தினமும் சாயங்காலம் காலி வாளியைத்தானே கொண்டு வருவ. மீதியை என்ன பண்ணுவ?"

நிக்கானோரின் கண் ஒரு நொடி நடைபாதை ஓரத்துச் சாக்கடை மூடிப் பக்கம் போய்வந்தது.

"சாக்கடையிலயா? என் சல்சாவை நீ சாக்கடையில ஊத்துறியா?"

"அதான் பட்டறைப் பக்கம் எலியே காணோம்," என்றார் காசிமிரோ, யோசனையாக.

யாரோ சிரித்தார்கள். எவெலியா சிரிக்கவில்லை. அவளுக்கு அழுகை வந்தது, ஆத்திரத்தில் வருகிற அழுகை, அதை இவர்கள் முன்னால் விடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். விடியுமுன் எழுந்து, தும்மித் தும்மிக் கருக்கி, அரைத்து, ருசிபார்க்கக் கொடுத்து, தன் பெயரோடு அனுப்பிவைப்பது இவன் ஊற்றிக் கொட்டுவதற்கா? கைவிட்டுப் போன ஒவ்வொரு வாடிக்கையாளும் அவளுக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டல்லவா போயிருக்கிறார்!

"ஏன்?"

"அவங்களுக்காகத்தான், கிழவி." நிக்கானோர் கத்தியால் ஸ்பெயின்காரர்களைக் காட்டினான். "வெளிநாட்டு நாக்கு. தாங்காது. இந்தத் தம்பிதான் வந்து கெஞ்சினான், காரத்தைக் குறைங்க, இல்லேன்னா ஆளைக் கூட்டிட்டு வரமாட்டேன்னு."

எவெலியா லிசாந்த்ரோ பக்கம் திரும்பினாள். இவ்வளவு நேரம் அடக்கியதெல்லாம் அவன் தலையில் போய் இறங்கியது.

"ஓகோ! அசல் சாப்பாட்டைக் காட்டுறேன்னு காசு வாங்கிட்டு, அசலை அழிக்கச் சொல்றியா? இங்க நின்னு திங்கிற ஆளுங்க உனக்கு மனுஷங்களாத் தெரியலையா? உன் படத்துக்குப் பின்னால நிக்கிற பொம்மைங்களா? எங்க வாயில பூசணியைத் தடவிட்டு, அதுக்கு மேல என் பாட்டியை வேற தடவுறியா?"

"தோன்யா, நான் ஒண்ணுமே கேக்கலையே!" தொப்பியைக் கழற்றிவிட்டான் பையன். பயத்தில் அவன் குரல் கீச்சென்றது. "அம்மா சத்தியமா! எனக்கே ஆச்சரியமா இருந்தது. முதல் தடவை வந்தப்ப நாலு நாள் எனக்கு வயிறு சரியில்லை. அதுக்காகவே இங்க கூட்டிட்டு வந்தேன். இப்ப ஆளுங்கல்லாம் என்னைத்தான் திட்டுறாங்க."

போட்டோ எடுத்த ஸ்பெயின்காரி முன்னால் வந்தாள். நரைத்த தலை, பெரிய மூக்குக்கண்ணாடி, ஒளிவுமறைவு இல்லாத குரல்.

"ஆமாம், சொல்லணும்னுதான் இருந்தோம். நாக்குல தீப்பிடிக்கும்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தாரு. இது எங்க ஊர் ஆஸ்பத்திரியில குடுக்கிற சூப் மாதிரி இருக்கு."

ஆஸ்பத்திரி சூப்! மிளகாய் என்றால் காததூரம் ஓடுகிற ஊரிலிருந்து வந்தவள் வாயால் எவெலியாவின் சல்சாவுக்கு இந்தப் பட்டம். இதைக் கேட்கத்தானா இந்தக் காது?

அவள் கிண்ணத்தில் இருந்ததைப் பூசணிச் சட்டியில் கவிழ்த்தாள். கிண்ணத்தைக் கழுவித் துடைத்தாள். வாளியிலிருந்து தன் சல்சாவை மொண்டு நிரப்பினாள். கல்லின் மிச்சச் சூட்டில் கிடந்த ரொட்டியை எடுத்து, இறைச்சி, வெங்காயம், கொத்தமல்லி, மேலே ஒரு கரண்டி நிறைய பச்சை. காசிமிரோவிடம் நீட்டினாள். அவர் பெலிசாரியோவின் பாதி டாக்கோவைத் தெருநாய்க்குப் போட்டுவிட்டு இதை வாங்கிக் கடித்தார்.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது கடியில் அவர் காது சிவந்தது. மூன்றாவதில் மூக்கு. துண்டை எடுத்து முகம் முழுக்கத் துடைத்தார். வாயைத் திறந்து காற்றை உள்ளே இழுத்தார்.

"எப்படி?" என்றாள் எவெலியா.

"உறைக்கலை," என்றார் காசிமிரோ. பாதிக் குரல்தான் வந்தது. கன்னத்தில் கண்ணீர் ஓடியது. "கொஞ்சங்கூட உறைக்கலை, தோன்யா. கடவுள் உங்களை நல்லா வைக்கட்டும்."

பூட்டுக்கடைக்காரர் தனக்கும் ஒன்று கேட்டார். மருந்துக்கடைப் பெண் கையை நீட்டினாள். எவெலியாவின் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது. ஆனால் வேலை முடிந்துவிடவில்லை. இன்னும் ஒருவன் பாக்கி.

இன்னொரு டாக்கோ போட்டாள். பச்சையை மற்றவர்களுக்கு ஊற்றிய அளவுதான் ஊற்றினாள், ஒரு சொட்டுக் கூடுதலாக இல்லை. நிக்கானோர் முன்னால் நீட்டினாள்.

"அவனும் கேக்கலை, இவங்களும் கேக்கலை. அப்ப யாருக்காகக் கலந்த? காசு மிச்சம் பிடிக்கன்னா, ஊத்திக் கொட்டுறவன் என்ன மிச்சம் பிடிச்ச? இதைச் சாப்பிட்டுட்டு தெருவே கேக்கிற மாதிரி பதில் சொல்லு."

நிக்கானோர் டாக்கோவைப் பார்த்தான். பிறகு சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தான். வாங்கினான். கடித்தான். மென்றான். நெற்றியில் வேர்வை ஒரு வரிசையாகப் பூத்தது. விழுங்கினான். அடுத்த கடிக்கு வாய்வரை கொண்டுபோன கை அங்கேயே நின்றுவிட்டது.

"புகை," என்றான், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அடுப்புதான் அணைஞ்சு கிடக்கே, நிக்கானோர்," என்றார் காசிமிரோ.

எவெலியா தன் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். இதே முகம். தினமும் காலையில் ரொட்டித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிற இதே முகம். அவள் அம்மாவின் சின்னச் சாப்பாட்டுக் கடைக்குக் குளிர்பானப் பெட்டி இறக்க வந்த பையனாக அவனை முதலில் பார்த்தபோதும் இதே முகந்தான். அன்று குறும்புக்காக அவன் தட்டில் இரண்டு கரண்டி சல்சா ஊற்றினாள். சாப்பிட்டான். கண் நிறைந்தது. உறைக்கலையே, என்றான், உங்க அடுப்புதான் ரொம்பப் புகையுது. கடையில் இருந்த ஆம்பிளைகள் எல்லாரும் ஊவென்று கத்தினார்கள். அவளுக்கு அவனைப் பிடித்துப்போனது அந்த நிமிஷந்தான்.

"உனக்கு உறைக்குது," என்றாள்.

நிக்கானோர் டாக்கோவைப் பலகை மேல் வைத்தான்.

"என்னால முடியலை, எவெலியா. வயிறு புண்ணாப் போச்சு. டாக்டர் தொடவே கூடாதுன்னுட்டாரு. ஆனா கடைக்காரன் தன் சல்சாவைத் தொடாம வெறும் இறைச்சியைத் தின்னுட்டிருந்தா பாக்கிறவன் என்ன நினைப்பான்? இவங்க முன்னால நின்னு, இதே கிண்ணத்துலேர்ந்துதானே நான் சாப்பிடணும். முதல்ல ஒரு கரண்டி பூசணி கலந்தேன். அப்புறம் கொஞ்சம் கூட. கை நிக்கலை."

"எப்பலேர்ந்து முடியலை?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எப்பவுமே."

"எப்பவுமேன்னா? எங்க அம்மா கடையில..."

"அன்னைக்கும்தான். லாரியில போய் உக்காந்து ஐஸ் கட்டியை வாயில போட்டுக்கிட்டேன்."

"கிழவா!" எவெலியாவின் குரல் எதிர்ச்சாரிவரை கேட்டது. "தினம் காலையில உன்கிட்ட குடுத்துக் கேப்பேனே! நீ உறைக்கலை உறைக்கலைன்னு சொன்னதாலதானே நான் வருஷா வருஷம் இன்னொரு பிடி, இன்னொரு பிடின்னு போட்டுட்டே வந்தேன்!"

சொன்ன பிறகுதான் அவள் சொன்னது அவளுக்கே கேட்டது.

நான் பண்ணினேன், இந்தக் கையால, என்று கையைத் தூக்கிக் காட்டிக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. தெரு இருமுகிற சல்சா. வட்டாரமே பெயர் வைத்துக் கொண்டாடுகிற சல்சா. அது அவள் கையால் வந்ததுதான், சந்தேகமில்லை. ஆனால் இந்தப் பயந்தாங்கொள்ளி ஒரே ஒரு தடவை உண்மை பேசியிருந்தால் அது என்றைக்கோ நின்றிருக்கும், அம்மா கடையில் அவள் முதலில் அரைத்த அளவிலேயே. வருஷா வருஷம் அவன் பொய் சொன்னான், வருஷா வருஷம் அவள் மிளகாய் போட்டாள். அவளுடைய தீயில் பாதி அவனுடைய பொய். இப்படி ஒரு அநியாயம் உண்டா? திட்டவும் முடியாமல் நன்றி சொல்லவும் முடியாமல் நடுத்தெருவில் இப்படி ஒருத்தியை நிறுத்துவானா ஒரு மனுஷன்?

"ஏன் சொல்லலை?" என்றாள். இந்தத் தடவை குரல் தாழ்ந்திருந்தது.

"அன்னைக்கு உறைக்குதுன்னு சொல்லியிருந்தா என்னைத் திரும்பிப் பாத்திருப்பியா?"

எவெலியாவுக்குப் பொய் சொல்ல வராது. "பாத்திருக்க மாட்டேன்தான்," என்றாள். "அதுக்காக? கல்யாணம் ஆனதுக்கு மறுநாள் சொல்லியிருக்கலாமே! முதல் பிள்ளை பிறந்தப்ப சொல்லியிருக்கலாமே! வயிறு புண்ணாகி, டாக்டர்கிட்ட திருட்டுத்தனமாப் போய், என் சல்சாவைச் சாக்கடைக்கு ஊட்டி, எனக்கு உடம்பு சரியில்லைன்னு ஊரைப் பேசவச்சு... அந்தத் தடியன் பெலிசாரியோ என்னை இலவசமாத் திங்கக் கூப்பிடுறான்! எனக்கு!"

ஸ்பெயின்காரி இதற்குள் யாரும் கொடுக்காமலே ஒரு டாக்கோவை எடுத்துக் கிண்ணத்தில் தோய்த்துவிட்டாள். லிசாந்த்ரோ தடுக்கப் போனான், தாமதமாகிவிட்டது. அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கண்ணை மூடி, வண்டிப் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பட்டறையிலிருந்து யாரோ தண்ணீர் கொண்டுவர ஓடினார்கள்.

அன்று எவெலியா வீட்டுக்குப் போகவில்லை. கடை சாத்தும்வரை வண்டியில் நின்று தானே சல்சா ஊற்றினாள்.

அவள் நிக்கானோரை மன்னித்துவிட்டாள் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். மறுநாளிலிருந்து அவனுக்கு வீட்டிலிருந்து ஒரு சின்ன டப்பா வந்தது. பூசணி, பூண்டு, கொஞ்சம் எலுமிச்சை, ஒரு மிளகாய் விதைகூட இல்லாமல். அதை எல்லார் கண்ணெதிரிலும் திறந்து வைத்துத்தான் சாப்பிடவேண்டும் என்பது உத்தரவு. டப்பாவை நீட்டும்போது அவள் அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. காலையில் ருசிபார்க்கிற வேலையும் அவனிடமிருந்து போய்விட்டது. இப்போது வாளி பட்டறைக்குப் போய் காசிமிரோவிடம் முதல் சொட்டைக் கொடுத்துவிட்டு வண்டிக்கு வருகிறது. பூட்டுக்கடைக்காரரும் வேன்காரரும் மருந்துக்கடைப் பெண்ணும் திரும்பிவிட்டார்கள். யாரும் இப்போது சாலையைக் கடப்பதில்லை.

லிசாந்த்ரோவும் ஆட்களைக் கூட்டிவருகிறான். பாட்டியைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டான், தண்ணீர் லாரிக்காரனைப் பற்றிச் சொல்கிறான். புதிதாக வருகிறவர்கள் கிண்ணத்தைக் காட்டி, வழக்கமாகக் கேட்பதைக் கேட்கிறார்கள்.

"இது உறைக்குமா?"

எவெலியா ரொட்டியைப் புரட்டியபடி தாடையால் புருஷனைக் காட்டுவாள். "என்னைக் கேக்காதீங்க. அவரைக் கேளுங்க."

நிக்கானோர் கத்தியைக் கீழே வைப்பான். காசிமிரோ பட்டறையிலிருந்து தலையை நீட்டுவார். தின்றுகொண்டிருக்கிறவர்கள் மெல்லுவதை நிறுத்துவார்கள்.

"உறைக்கும்," என்பான் அவன். "எனக்கு ரொம்ப உறைக்கும்."

"சத்தமா சொல்லு," என்பாள் எவெலியா. "பெலிசாரியோவுக்குக் கேக்கலை."